கௌரவ சபையில் நான் வாய் திறக்கவில்லை

ஜெபராஜ் அன்று சட்டையையும் நிக்கரையும் இஸ்திரி போட்டு வந்திருந்தான். கழுத்துத் துணியை ஒழுங்காகச் சுருட்டி வளையம் மாட்டியிருந்தான். குற்றம் சாட்டப்பட்டு நிற்கப்போகிறவன் இத்தனை சுத்தமாக வருவான் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

சனிக்கிழமை மத்தியானம். திருவனந்தபுரம் கோட்டைக்குள் ஒரு பள்ளிக்கூடத்தின் ஏழாம் வகுப்பு அறையை எங்கள் சாரணர் படைக்கு விட்டுக்கொடுத்திருந்தார்கள். கரும்பலகையில் யாரோ அழிக்காமல் போன பின்னக் கணக்கு அப்படியே இருந்தது. மழை வருவதற்கு முந்தைய புழுக்கம். முன் பெஞ்சில் நான்கு பேட்ரல் லீடர்கள் உட்கார்ந்திருந்தார்கள். படையை நாலு அணிகளாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு பையனைத் தலைவனாக்கியிருந்தோம்; அவன்தான் பேட்ரல் லீடர். நடுவில் இருந்த விஜயன் அன்றைய சபைத் தலைவன். அவனுக்கு வயது பதினேழு.

சாரண ஆசிரியரான நான் கடைசி பெஞ்சில். என் பக்கத்தில் சாரணர் இயக்கத்தின் ஜில்லா கமிஷனர். எங்கள் சபை நடக்கும் நேர்த்தியைப் பார்க்கவென்றே வந்திருந்தார்.

"பொன்முடியில உன்னை நிறுத்தின இடத்தை விட்டுப் போனாயா?" என்று விஜயன் கேட்டான். அவன் கேட்டது மலையாளத்தில். பையன்களில் பாதிப் பேருக்கு வீட்டில் தமிழ் என்றாலும் சபையில் மலையாளம்தான் ஓடும். ஜெபராஜ் மட்டும் பதற்றம் வந்தால் தமிழுக்குத் தாவிவிடுவான்.

"போனேன்."

"எதுக்கு?"

"ஒரு காரியம் இருந்துது."

"என்ன காரியம்?"

"அதச் சொல்ல மாட்டேன். போனது தப்புதான். ஒத்துக்கிடுதேன்."

விஜயன் திரும்பி என்னைப் பார்த்தான். நான் ஜன்னலுக்கு வெளியே பார்த்தேன்.

அவன் எதற்காகப் போனான் என்பது அந்த அறையில் அவனைத் தவிர இன்னும் ஒரே ஒருவருக்குத் தெரியும். எனக்குத் தெரியும்.

விசில் சாமி

சென்ற வாரம் இந்தப் பத்திரிகையில் நான் எழுதிய, முதன்முதலாக அரை நிக்கர் போட்டுக்கொண்டு அலுவலகத்துக்கு எதிரிலேயே அகப்பட்டுக்கொண்ட கதையைப் படித்துவிட்டு, ஒரு வாசகர், "உங்களுக்குக் கோபமே வராது போலிருக்கிறதே" என்று எழுதியிருக்கிறார். பாவம். என் வீட்டுக்காரியிடம் அந்தக் கடிதத்தைக் காட்டினேன். சிரித்து முடிக்க அவளுக்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று.

நான் ஒரு சர்க்கார் அலுவலகத்தில் டிராப்ட்ஸ்மேன். பாலமும் மதகும் நீர்த்தொட்டியும் வரைகிற வேலை. நாள் முழுக்கக் கோடு நேராக இருக்கிறதா என்று பார்க்கிறவனுக்கு மனிதர்களும் நேராக நிற்க வேண்டும் என்று தோன்றிவிடுகிறது. அறுபதுகளில் படை ஆரம்பித்த நாளிலிருந்து, பையன்கள் வரிசையில் ஒரு அங்குலம் தள்ளி நின்றால் விசில் அடிப்பேன். எனக்கு 'விசில் சாமி' என்று பெயர் வைத்திருந்தார்கள். எனக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

கோபம் மூக்கு நுனியில் இருந்தாலும் பையன்கள் விட்டுப் போகவில்லை. கரமனை ஆற்றில் நீச்சல், சாஸ்தமங்கலம் வரை வரைபடம் பார்த்து நடப்பது, கயிற்றில் முடிச்சு, மூங்கிலில் பாலம் என்று சனி ஞாயிறு முழுக்க என்னோடுதான் கிடப்பார்கள். எனக்குக் குழந்தை இல்லை. அதை இங்கே சொல்லாமல் இருக்கலாம்; ஆனால் அதுவும் ஒரு காரணம்தான்.

தேங்காய்க்காரியின் கூடை

என் படையில் இரண்டு விஷயங்களில் நான் யாருக்கும் வளைந்து கொடுக்க மாட்டேன்.

ஒன்று, கௌரவ சபை. யாராவது தப்பு செய்தால் பேட்ரல் லீடர்களே கூடி விசாரித்துத் தீர்ப்புச் சொல்வார்கள். சாரண ஆசிரியர் பின்னால் உட்காரலாம். தலையிடும் உரிமையும் அவருக்கு உண்டு. மற்ற படைகளில் ஆசிரியர்கள் சபையைப் பொம்மையாக வைத்துக்கொண்டு தாங்களே பேசுவார்கள். நான் ஒரு நாளும் வாய் திறந்ததில்லை. அதில் எனக்குப் பெருமை. போகிற இடமெல்லாம் சொல்லிக்கொள்வேன்.

இன்னொன்று, தினம் ஒரு நற்செயல். சாரணன் ஒவ்வொரு நாளும் யாருக்காவது ஓர் உதவி செய்ய வேண்டும். காலையில் கழுத்துத் துணியின் நுனியில் ஒரு முடிச்சுப் போட்டுக்கொண்டு, உதவி செய்த பிறகு அவிழ்க்க வேண்டும். ஆரம்பத்தில் அதை வரிசையில் நின்று சொல்லச் சொன்னேன். அதனால் வந்த வினையைக் கேளுங்கள்.

பழவங்காடி கணபதி கோயில் முன்னால் தேங்காய் விற்கிற ஓர் அம்மாள் இருந்தாள். ஒருவன் அவள் கூடையை இறக்கி வைத்தேன் என்று வந்து சொன்னான். நான் பாராட்டினேன். மறுநாளிலிருந்து ஏழெட்டுப் பேர் அந்த அம்மாளின் கூடைக்கு வரிசை கட்டிவிட்டார்கள். இறக்கிய கூடையை இன்னொருவன் ஏற்றுவான், ஏற்றியதை மற்றொருவன் இறக்குவான். ஒரு நாள் அவள் என்னையே வழிமறித்தாள். "சாரே, இந்தக் காக்கிக் கொச்சன்மார் இனி எனக்க கூடையத் தொட்டா கைய ஒடிச்சுப் போடுவேன். சொல்லி வச்சுக்கிடும்" என்றாள்.

அன்றைக்குப் போட்டேன் சட்டம். செய்த உதவியை எவனும் சொல்லக் கூடாது. எவனும் கேட்கவும் கூடாது. "சொல்லிவிட்டால் அந்த உதவி செத்துப்போச்சு" என்று கத்தினேன். பையன்கள் அதை அப்படியே பிடித்துக்கொண்டார்கள். எல்லாரையும்விட இறுக்கமாகப் பிடித்துக்கொண்டவன் ஜெபராஜ்.

ஜெபராஜ்

பாறசாலைக்கு அந்தப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்த குடும்பம். அப்பா பழவங்காடியில் ஒரு ஹோட்டலில் தோசைக்கல்லில் நின்றார். பையன் என்னிடம் பன்னிரண்டு வயதில் வந்தான். பேசவே மாட்டான். ஒரு முடிச்சைக் காட்டிக் கொடுத்தால் அடுத்த வாரம் கண்ணை மூடிக்கொண்டு போட்டுக் காட்டுவான்.

எழுபதுகளின் நடுவில், அவனுக்குப் பதினேழு முடிந்து பதினெட்டு நடந்துகொண்டிருந்தபோது, ராஷ்டிரபதி சாரணர் விருதுக்கு ஒரே ஒரு பரீட்சை பாக்கி இருந்தது. அந்த விருதைப் பதினெட்டு முடிவதற்குள் வாங்கிவிட வேண்டும். வாங்கினால் ரயில்வேயில் சாரணர்களுக்கென்று ஒதுக்கிய இடத்துக்கு மனுப் போடலாம். இதை அவன் அப்பாவிடம் சொன்னவனே நான்தான். மனிதர் மாவுக் கையோடு கும்பிட்டார்.

ஒரு பிளாஸ்க் காப்பி

பரீட்சைக்கு முன்னால் ஒரு பயிற்சியாகத்தான் பொன்முடிக்குப் போனோம். ஒவ்வொரு அணியும் தனித்தனியாக வரைபடம் பார்த்து மலையேற வேண்டும். கொண்டையூசி வளைவு ஒன்றில், பாதை இரண்டாகப் பிரிகிற இடத்தில், வருகிற அணிகளுக்கு வழி சொல்ல ஜெபராஜை நிறுத்தினேன்.

இப்படி நிறுத்தும்போது இரண்டு பேராக நிறுத்த வேண்டும். அது விதி. அவனோடு ஒரு சின்னப் பையனையும் நிறுத்தினேன். அப்புறம் எனக்குக் காப்பி ஞாபகம் வந்தது. பிளாஸ்க்கை முகாமிலேயே வைத்துவிட்டு வந்திருந்தேன். சின்னவனைக் கூப்பிட்டு, "ஓடிப்போய் எடுத்துண்டு வாடா" என்றேன். அவன் ஓடினான். ஜெபராஜ் தனியாக நின்றான்.

கொஞ்ச நேரத்தில் மேலே தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களின் லயத்து வீடுகளிலிருந்து ஒரு பெண் குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்திருக்கிறாள். குழந்தைக்கு ஜன்னி. பஸ் வர இரண்டு மணி நேரம் ஆகும். அவளால் அதற்கு மேல் ஓட முடியவில்லை. ஜெபராஜ் தரையில் கற்களை வைத்து அம்புக்குறி போட்டுவிட்டு, குழந்தையை வாங்கிக்கொண்டு எஸ்டேட் டிஸ்பென்சரிக்கு ஓடினான். அது ஒன்றரை மைல்.

அவன் போன பிறகு மூடுபனி இறங்கியது. கடைசி அணி, சின்னப் பையன்கள் எட்டுப் பேர், கல்லையும் பார்க்கவில்லை, அம்பையும் பார்க்கவில்லை. தப்பான பாதையில் தேயிலைக்குள் புகுந்து ஒரு மணி நேரம் அலைந்தார்கள். கால் முழுக்க அட்டை. ஒரு பையன் ஓடையில் விழுந்து மணிக்கட்டை ஒடித்துக்கொண்டான். அவன் அப்பா செக்ரடேரியட்டில் பெரிய உத்தியோகம்.

ஜெபராஜ் மூச்சு வாங்கத் திரும்பி வந்தபோது எல்லார் முன்னாலும் அவனைத் திட்டினேன். என்ன ஏது என்று கேட்கவில்லை. "நம்பி நிறுத்தினேனே, பொறுப்பில்லாத கழுதை, இனி முகாமை விட்டு ஒரு அடி நகர்ந்தால் பார்" என்றெல்லாம் வாயில் வந்ததைச் சொன்னேன். அவன் விறைப்பாக நின்று கேட்டுக்கொண்டான்.

சாயங்காலம் டிஸ்பென்சரி கம்பவுண்டர் ஒடிந்த கைக்குக் கட்டுப் போட வந்தார்; ஜெபராஜ் அப்போது முகாமின் பின்புறம் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தான். கட்டி முடித்துவிட்டு என்னைத் தனியே கூப்பிட்டார்.

"சாரே, உங்க பையன் ஒருத்தன் ஒரு பிள்ளையத் தூக்கிக்கிட்டு ஓடி வந்தான். என்னா ஓட்டம்! பிள்ளைய மேசையில போட்டுட்டு அப்பவே திரும்பிட்டான். அஞ்சு நிமிஷம் பிந்தியிருந்தா கைவிட்டுப் போயிருக்கும். இப்பம் முழிச்சுக் கெடந்து பால் குடிக்கி. அவன்ட்ட சொல்லிருங்க."

சொல்கிறேன் என்றேன். கூடாரத்துக்குத் திரும்பி நடக்கும்போதே சொல்லக் கூடாது என்று முடிவு செய்துவிட்டேன். இரண்டு மணி நேரத்துக்கு முன்னால் கழுதை என்று திட்டியவனிடம் போய் என்ன முகத்தோடு சொல்வது? காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன். காலையில் ஊருக்குத் திரும்புகிற அவசரம். மறுநாள் அலுவலகத்துக்கு அந்தப் பெரிய உத்தியோகஸ்தரின் கடிதம் வந்தது. தக்க நடவடிக்கை எடுக்க வேண்டுமாம். "எங்கள் கௌரவ சபை தீர்மானிக்கும்" என்று மிடுக்காகப் பதில் எழுதினேன். அதன் நகலைப் பார்த்துத்தான் கமிஷனர் வந்தார்.

தீர்ப்பு

ஆக, அந்தச் சனிக்கிழமைக்குத் திரும்புகிறேன்.

சபை அவனை அரைமணி நேரம் கேட்டது. எனக்குள் ஒரு நப்பாசை இருந்தது. இவர்கள் நான் வளர்த்த பையன்கள், கேட்கிற விதத்தில் கேட்டு உண்மையை வெளியே கொண்டுவந்துவிடுவார்கள், கமிஷனர் அசந்துபோவார், நான் கடைசியில் எழுந்து அவனைத் தட்டிக்கொடுக்கலாம் என்று மனக்கோட்டை கட்டிக்கொண்டிருந்தேன். அவன் சொல்லவில்லை. எப்படிச் சொல்வான்? சொல்லக் கூடாது என்று கத்தியவன் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன்.

பேட்ரல் லீடர்களில் ஒருவன், "கூட வேற யாரும் இல்லையா? ரெண்டு பேராத்தானே நிற்கணும்?" என்று கேட்டான்.

ஜெபராஜ் ஒரு கணம் என் பக்கம் பார்த்தான்.

"நான் மட்டுந்தான் நின்னேன்" என்றான்.

இத்தனை நாளும் இந்தக் கதையை யாரிடமாவது சொன்னால், சபையின் மரபைக் காப்பாற்ற வாயைக் கட்டிக்கொண்டேன் என்றுதான் சொல்லி வந்திருக்கிறேன். அது பொய். வாய் திறந்திருந்தால் குழந்தையின் கதையோடு பிளாஸ்க்கின் கதையும் கமிஷனர் காதில் விழும். இன்னொருவன் அங்கே இருந்திருந்தால் ஒருவன் குழந்தையோடு ஓடியிருப்பான், மற்றவன் வழி சொல்லியிருப்பான், யாருடைய கையும் ஒடிந்திருக்காது. நான் பயந்தேன். மரபு எனக்குச் சௌகரியமாக இருந்தது.

நான்கு பேரும் தலையைச் சேர்த்து வைத்துப் பேசினார்கள். அணியின் துணைத் தலைவன் என்பதற்கான பட்டையை அவன் கழற்றிவிட வேண்டும். ஆறு மாதம் அவனை எந்தப் பரீட்சைக்கும் சிபாரிசு செய்யக் கூடாது.

பையன்களின் பிறந்த தேதி எழுதிய நோட்டு என்னிடம்தான் இருந்தது. ஜெபராஜுக்குப் பதினெட்டு முடிய நாலு மாதம்தான் இருந்தது. விஜயனுக்கு அது தெரியாது.

ஜெபராஜ் பட்டையைத் தையல் பிரித்து எடுத்து மேசையில் வைத்தான். சல்யூட் அடித்துவிட்டு வெளியே போனான். கமிஷனர் என் தோளில் தட்டி, "பிரமாதம். இந்த மாதிரி சபையை நான் எங்கேயும் கண்டதில்லை" என்றார். நான் சிரித்தேன். சிரிக்கவும் செய்தேன் என்பதுதான் இப்போது நினைத்தால் கூசுகிறது.

மாவுக் கை

வீட்டுக்காரியிடம் விஷயத்தைச் சொன்னேன். அவள் அரிசி களைந்துகொண்டிருந்தாள். கையை எடுக்காமல் கேட்டாள்.

"உங்களுக்குத் தெரியுமோன்னோ? அப்புறம் ஏன் வாயை மூடிண்டு உக்காந்திருந்தேள்?"

"அது சபையோட முறை. உனக்குப் புரியாது."

"புரியாட்டா போறது. போய் அந்தப் புள்ளையாண்டான்கிட்டப் பேசிட்டு வாங்கோ. சாதம் அப்புறம் போடறேன்."

நான் போகவில்லை. அவன் வரட்டும் என்று இருந்தேன். வந்தால் தனியே கூப்பிட்டுச் சொல்லிவிடலாம், கமிஷனருக்கு எழுதி ஏதாவது வழி பண்ணலாம் என்று நினைத்தேன். அடுத்த சனிக்கிழமை அவன் வரவில்லை. அதற்கடுத்த சனிக்கிழமையும் வரவில்லை. என்ன ஆணவம் பாருங்கள், எனக்கு அவன் மேல் கோபம்கூட வந்தது.

ஒரு நாள் அவன் அப்பா அலுவலகத்துக்கு வந்தார். வேலையிலிருந்து பாதியில் வந்திருக்கிறார். நகக்கண்ணில் மாவு காய்ந்திருந்தது.

"சாரு, பையன் சனிக்கெழம ஆனா வீட்டுலயே கெடக்கான். கேட்டா ஒண்ணும் சொல்ல மாட்டேங்கான். அவன் தப்பு வல்லதும் செஞ்சிருந்தா நாலு அடி அடிச்சுக்கிடுங்க. பேர மட்டும் வெட்டிராதீங்க சாரு. அந்த ரயிலு வேலய நம்பித்தான் இருக்கோம்."

எதிரில் வரைபலகை. பாதி வரைந்த பாலம். "பசங்களோட சபை தீர்மானம் பண்ணியிருக்கு. அதுல நான் கை வைக்க முடியாது" என்றேன்.

அவர் சபை என்றால் கோர்ட்டு என்று நினைத்துக்கொண்டார் போலிருக்கிறது. கும்பிட்டுவிட்டுப் போனார்.

நான் கிளம்பி அவர்கள் வீட்டுக்குப் போனபோது நாலு மாதமும் கழிந்துவிட்டது. ஜெபராஜ் கான்கிரீட் வேலைக்குப் போய்விட்டான் என்றாள் பக்கத்து வீட்டுக்காரி. எங்கே என்று அவளுக்குத் தெரியவில்லை.

கழக்கூட்டத்தில் டீ

எண்பதுகளில், ஓய்வு பெற இரண்டு மூன்று வருடம் இருக்கும்போது, திருவனந்தபுரத்துக்கு வெளியே கழக்கூட்டத்தில் ஒரு கட்டடத்தின் அளவு சரிபார்க்கப் போயிருந்தேன். சாரத்திலிருந்து ஒரு ஆள் இறங்கி ஓடி வந்து என் முன்னால் விறைப்பாக நின்றான். கை முழுக்க சிமெண்ட். அதே கையால் சல்யூட் அடித்தான்.

"சாரே, மனசிலாயோ? நான் ஜெபராஜ்."

அங்கே அவன்தான் மேஸ்திரி. இருபது பேர் அவனுக்குக் கீழே. ரயில்வே வேலை என்ன ஆயிற்று என்று நான் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை. விடாமல் வீட்டுக்கு இழுத்துக்கொண்டு போனான். வாடகை வீடு. இருந்த ஒரே நாற்காலியை எனக்குப் போட்டுவிட்டு அவன் தரையில் உட்கார்ந்தான். மனைவி டீயும் பழம்பொரியும் கொண்டுவந்து வைத்துவிட்டு, "இவங்க எப்பமும் சாரப் பத்தித்தான் பேசுவாங்க" என்றாள்.

இனியும் சும்மா இருப்பது மகாபாவம் என்று தோன்றியது. ஆனால் நேராகச் சொல்ல வாய் வரவில்லை. சுற்றி வளைத்து, "அன்னிக்கு ஏன்டா போனே அந்த இடத்தை விட்டு?" என்று தெரியாதவன் மாதிரி கேட்டேன்.

"இனிச் சொல்லலாம் இல்லியா சார்?" என்று அனுமதி கேட்டுக்கொண்டான். பிறகு எல்லாவற்றையும் சொன்னான். குழந்தையின் உடம்பு தீயாகக் கொதித்ததை, தாய்க்காரி அவன் சட்டையைப் பிடித்துக்கொண்டே ஓடி வந்ததை. பிளாஸ்க்கைப் பற்றி மட்டும் சொல்லவில்லை.

"நான்தான் கேட்டேன் சார்," என்றாள் மனைவி, "சாரு அங்கதான இருந்தாரு, அவரு ஏன் ஒண்ணும் பேசலன்னு."

"அவருக்குத் தெரியாதுல்லா!" என்று அவளை அடக்கினான் ஜெபராஜ். "எத்தன வாட்டி சொல்லியாச்சு. சாருக்குத் தெரிஞ்சிருந்தா என்னைய விட்டுக் குடுத்திருப்பாரா? என்ன சார்?"

"ஆமா, தெரியாது" என்றேன்.

அவன் அவளைப் பார்த்து வெற்றியோடு சிரித்தான். பிறகு முகம் மாறியது.

"அந்தப் பிள்ள பொழச்சுதா, இல்லியான்னுதான் சார் தெரியல. அதுக்கப்பொறம் ஒருக்க பொன்முடிக்குப் போனேன். கம்பவுண்டரு மாறிப் போயிட்டாரு. லயத்துல கேட்டா அந்தக் குடும்பம் வேற எஸ்டேட்டுக்குப் போயிட்டுன்னாங்க. மத்ததெல்லாம் போட்டும் சார். இது ஒண்ணுதான் இப்பமும் மனசுல கெடக்கு. எனக்க பிள்ளைகளுக்குக் காய்ச்சல் வந்தா ஒடனே அந்த மொகம்தான் வரும்."

என் கையில் டீ. சொல்வதற்கு இரண்டு வார்த்தை போதும். சொன்னால், எப்படித் தெரியும் என்று கேட்பான்.

"பொழைச்சிருக்கும்ப்பா" என்றேன்.

"எப்படிச் சொல்லுதீங்க சார்?"

"சும்மா, ஒரு நம்பிக்கைதான்."

"அதே. நம்பிக்கதான் வேணும்" என்று தலையாட்டினான். பஸ் ஸ்டாப் வரை வந்து என்னை ஏற்றிவிட்டான்.

கழக்கூட்டத்துக்குக் கிழக்கேகோட்டையிலிருந்து எந்நேரமும் பஸ் உண்டு. அதற்குப் பிறகு எத்தனையோ நாள் போயிருக்கலாம். ஒரு தடவை பஸ்ஸில் ஏறி உட்கார்ந்து, பாதி வழியில் பட்டம் ஸ்டாப்பில் இறங்கித் திரும்பி வந்திருக்கிறேன். இந்தப் பத்திரிகை அவன் பக்கத்துக் கடைகளில் தொங்கும் என்று கேள்விப்பட்டேன். அதனால் இங்கே எழுதுகிறேன்.

பிழைத்துவிட்டது, ஜெபராஜ். அன்று சாயங்காலமே எனக்குத் தெரியும்.